அழைப்பும் இடப்பெயர்வும்: ஊவாத் தோட்டங்களிற் கிறிஸ்தவ ஊழியம் பற்றிய ஒரு நோக்கு

கிறிஸ்தவ ஊழியர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படிப்போர் 'அழைப்பு' என்னும் சொல்லை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வர். ஓரிடத்தில் நிலைபெற்றிருந்த ஊழியர் ஒருவர், வேறோர் இடத்துக்குச் செல்லவேண்டுமென இறைவன் தமக்கு உணர்த்துவதாக அறிகிறார், தயங்குகிறார், மன்றாடுகிறார், பின்னர் புறப்படுகிறார். தன் நாட்டையும் இனத்தையும் விட்டுச் சென்ற ஆபிரகாமின் கதையும், தங்களுக்கு உதவ வருமாறு மக்கெதோனியா நாட்டான் ஒருவன் வேண்டி நிற்பதாகப் பவுல் கண்ட இராக்காட்சியும் இவ்வரலாறுகளுக்கு முன்மாதிரிகளாய் அமைந்தவை. திருச்சபை வரலாற்றாசிரியர் பலர் இவ்வனுபவத்தை விளக்கம் வேண்டாத ஒன்றாகக் கொண்டு மேலே சென்றுவிடுவர். எம்மவரிற் சிலரோ அதனைக் குடியேற்ற ஆட்சியின் முகமூடி என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவர். மதத்தை அபினி என்றுரைத்த அதே பத்தியில், மெய்யான துன்பத்துக்கு எதிரான குரலும் அதனுள் உண்டென்று மார்க்ஸ் எழுதியதை இவர்கள் நினைவிற் கொள்வதில்லை.

ஊழியர் ஒருவரின் உள்ளத்தில் நிகழ்ந்ததை ஆராய்வது எமது பணியன்று. அதற்குரிய கருவிகள் எம்மிடம் இல்லை. ஆயின் அழைப்பை ஏற்று அவர் எங்கே சென்றார், அங்கே செல்வதற்கான வழியை அமைத்தவர் யார், வழிச்செலவை ஏற்றவர் யார், சென்ற இடத்தில் எவ்வர்க்கத்தினரின் வீட்டுத் திண்ணையில் அவர் அமர்ந்தார் என்பவை வரலாற்றுக்கு உட்பட்ட வினாக்கள். அவ்வினாக்களை ஊவா மாகாணத்தை முன்வைத்து எழுப்ப விரும்புகின்றோம்.

ஊவாவைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. மேல் ஊவா பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, லுணுகலை என விரியும் தேயிலை மலை. கீழ் ஊவா வெல்லஸ்ஸ எனப்படும் வறண்ட சமவெளி. 1817-18 கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய முறையால் வயலும் குளமும் பாழ்பட்டு, அதன் பின் முழுமையாக எழாத சிங்களக் கிராமங்களின் நிலம். மலையில் இந்தியத் தமிழ்த் தொழிலாளி. சமவெளியிற் சிங்களக் குடியானவன். இருவரையும் வறியோராக்கியது ஒரே பொருளாதாரம். ஆயின் இருவரும் ஒருவரையொருவர் அறியாதோராகவே வாழ்ந்தனர். இவ்விரு ஊவாக்களுக்கும் இடையே ஊழியர்கள் எவ்வழியாக நடந்தனர் என்பதே எமது கட்டுரையின் பொருள்.

பதுளை நகரின் மத்தியில் நிற்கும் புனித மாற்குத் தேவாலயம் இவ்வரலாற்றின் தொடக்கத்தை நன்கு காட்டுவது. 1857இல் பேராயர் ஜேம்ஸ் சப்மன் அர்ப்பணம் செய்த இவ்வாலயம், மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்டது. றொஜர்ஸ் பதுளையில் அரசாங்க நிருவாகியாக இருந்தவர். 1845 யூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தவர். 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பெயர் பெற்றவர். காட்டை அழித்துக் கோப்பி நட்ட காலத்தில் யானையைக் கொன்றவனுக்கு ஆலயமே நினைவுச் சின்னமாயிற்று. காட்டை வெட்டிய கூலிகளுக்கு மலையில் நடுகல்லும் இல்லை. துரைமார் வழிபாட்டுக்கான ஆலயம் முதலில் வந்தது. தொழிலாளருக்கான ஊழியம் வேறொரு வழியால் வந்தது.

அவ்வழி 1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன் ஆகும். சேர்ச் மிஷனரிச் சங்கத்தைச் சார்ந்த இவ்வமைப்பின் பெயரே அதன் வர்க்க இயல்பைப் பறைசாற்றுகிறது. அதன் தோற்றுவாய் கவனத்துக்குரியது. மலைநாட்டுக் கோப்பித் தோட்ட உரிமையாளருள் மதப்பற்றுடைய சிலர் முன்வந்து, உபதேசிமாரின் சம்பளத்தையும் பள்ளிச் செலவையும் தாம் திரட்டித் தருவதாக ஏற்றுக்கொண்டனர். சங்கம் மேற்பார்வைக்கு ஐரோப்பிய மிஷனரியை வழங்கியது. முதல் மேற்பார்வையாளரான செப்ரிமஸ் ஹொப்ஸ் திருநெல்வேலியிற் பணியாற்றித் தமிழ் பயின்றவர். அங்கிருந்தே உபதேசிமாரும் வரவழைக்கப்பட்டனர். ஆக, பவுல் கண்ட காட்சியில் உதவி வேண்டி நின்றவன் மக்கெதோனியா நாட்டுக் குடிமகன். மலைநாட்டில் வேண்டி நின்றவர் தோட்டத்துரை. கூலி அழைக்கவில்லை. அவனைக் கேட்டாரும் இல்லர்.

இதனைக் கொண்டு அம்மிஷன் துரைமாரின் கைக்கருவி என்று முடிவு கட்டுதல் எளிது. அம்முடிவிற் பாதி உண்மை உண்டு. தோட்டம் என்பது தனியார் உடைமை. துரையின் அனுமதியின்றி வெளியார் எவரும் லயத்துக்குச் செல்ல இயலாது. உபதேசியார் காலைப் பெரட்டுக்களத்தில், ஆட்கள் வேலைக்குப் பிரிக்கப்படுமுன், சில நிமிடம் பேசுவார். மாலையில் லயத்து முற்றத்திற் பேசுவார். காலையில் அவர் நின்ற இடம் துரையும் கணக்கப்பிள்ளையும் நின்ற இடமே. அங்கிருந்து உரைக்கப்படும் சொல், எத்துணைத் தூயதாயினும், கேட்போன் செவியில் அதிகாரத்தின் சொல்லாகவே விழுந்திருக்கும். மது அருந்தாமை, ஒழுங்காக வேலைக்கு வருதல், களவு செய்யாமை ஆகிய அறங்கள் ஆன்மாவுக்கு நன்மை பயப்பதோடு இலாபக் கணக்கிற்கும் நன்மை பயப்பவை என்பதைச் சந்தா செலுத்திய துரைமார் அறியாதவரல்லர்.

எனினும் மற்றப் பாதியையும் நோக்கவேண்டும். தோட்டத்தின் ஆட்சி துரையின் கையில் மட்டும் இருந்ததன்று. பெரிய கங்காணியின் கையில் இருந்தது. முற்பணக் கடன், 'துண்டு' எனப்பட்ட கடன் சீட்டு, சாதி, கோயில் திருவிழா ஆகிய நான்கையும் கொண்டு அவன் தன் ஆட்களைப் பிணித்து வைத்திருந்தான். துண்டு முறை 1921இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எழுத்தறியாமை இப்பிணிப்பின் அச்சாணி. தன் பெயரில் எவ்வளவு கடன் எழுதப்பட்டுள்ளது என்பதை வாசிக்க முடியாதவனே கங்காணிக்கு ஏற்ற தொழிலாளி. அத்தகைய இடத்தில், வேதத்தை வாசிக்கும்பொருட்டே ஆயினும், ஒரு சிறுவனுக்கு 'அ' என்று எழுதக் கற்பித்தல் கற்பிப்போன் நோக்கத்தைக் கடந்து செல்லும் செயலாகும். வேதம் வாசிக்கக் கற்றவன் கடன் சீட்டையும் வாசிப்பான். கருத்துநிலைக் கருவிகள் தம்மை ஆக்கியோரின் நோக்கத்துக்குள் அடங்கி நிற்பதில்லை என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

உபதேசியாரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். ஏனெனில் இவ்வரலாற்றில் மிகவும் மறைக்கப்பட்டவர் அவரே. மிஷன் அறிக்கைகளில் ஐரோப்பியர் பெயரோடு வருகின்றனர். உபதேசிமார் பெரும்பாலும் தொகையாக வருகின்றனர். அவரும் இராமநாதபுரக் கரையிலிருந்து பாக்குநீரிணையைக் கடந்தவர். கூலி நடந்த காட்டுப் பாதையில் தாமும் நடந்தவர். அதே காய்ச்சலுக்கும் அதே அட்டைக்கடிக்கும் உட்பட்டவர். ஆயின் கூலியின் பயணத்துக்குக் கடனும் பஞ்சமும் காரணங்கள். உபதேசியாரின் பயணத்துக்கு அழைப்பு காரணம். ஒரே பாதையில் நடந்த இருவரின் நடைக்கு இரு வேறு பெயர்கள் வழங்கின. திருநெல்வேலிச் சபைகளில் நாடார் சமூகத்தவரே பெரும்பான்மையினர். தோட்டத் தொழிலாளரிற் பெரும்பகுதியினரோ பறையர், பள்ளர், சக்கிலியர். தமது ஊரில் மேற்சாதியாராற் கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்த உபதேசியார், லயத்துப் பறையனின் கையால் நீர் வாங்கி அருந்தினாரா என்பது வேதசாத்திர வினாவன்று. அவருடைய அழைப்பு எத்துணைத் தூரம் சென்றது என்பதை அளக்கும் கோல் அது.

இலக்கிய மாணவர் கவனிக்கவேண்டிய பிறிதொரு செய்தியும் உண்டு. உபதேசியார் கொண்டுவந்தது விவிலியத் தமிழையும் கீர்த்தனைகளையும். லயத்திலோ மாரியம்மன் தாலாட்டும், காமன் கூத்தும், தப்பொலியும், தொழிற்சாலைச் சக்கரத்திற் குடியேறிய ரோதைமுனியின் வழிபாடும் இருந்தன. இயந்திரத்தையே தெய்வமாக்கிக்கொண்ட மக்களிடம் ஏட்டுத் தமிழ் எளிதிற் செல்லவில்லை. மலையகத்தில் இந்துக்களே இன்றும் மிகப் பெரும்பான்மையினர். துரைக்கும் தொழிலாளிக்கும் இடைப்பட்ட கல்வி கற்ற வகுப்பின் மனப்பாங்கை ஆபிரகாம் ஜோசப் 1869இல் வெளியிட்ட 'கோப்பிக் கிருஷிக் கும்மி' காட்டுகிறது. கோப்பிச் செய்கையின் படிமுறைகளைக் கும்மி மெட்டில் உரைத்துத் துரைமாரைப் போற்றும் நூல் அது. பெண்கள் கைகொட்டி ஆடும் வடிவம் வேலை கற்பிக்கும் கையேடாகியது. அதே 1869ஆம் ஆண்டில், பதுளை மாவட்டத்தைச் சேர்ந்த மடுல்சீமையிற் கோப்பி இலைகளில் மஞ்சட் புள்ளிகள் தோன்றின. நோய் பரவிப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. கும்மி அச்சேறிய ஆண்டிலேயே அதன் பாட்டுடைப் பொருளுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது.

தேயிலையோடு ஊவா புதிய தளத்தில் இணைக்கப்பட்டது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் லிப்ரன் ஹப்புத்தளைக்கு அண்மையில் உள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதம் 1894இற் பண்டாரவளையையும், முப்பது ஆண்டு கழித்து 1924இற் பதுளையையும் அடைந்தது. இந்நகர்வோடு நகர்ந்தவர்களுள் ஒருவர் மெதடிஸ்த மிஷனரியான சாமுவேல் லங்டன். 1879இற் கண்டியிற் பெண்கள் உயர்தரப் பாடசாலையை நிறுவி நற்பெயர் பெற்றிருந்த அவர், அதனை விட்டு ஊவாவுக்குச் சென்று, ஹப்புத்தளைப் பகுதியில் 'மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு' என்ற பெயரில் ஒரு நிலையத்தை உருவாக்கினார். 1890இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலின் தலைப்பில் இந்நிலையம் ஊவாவில் அமைந்த புதிய 'ஊழியத் தோட்டம்' எனக் குறிக்கப்படுகிறது. துரைக்கும் தோட்டம், மிஷனரிக்கும் தோட்டம். உருவகத்தின் பின்னே ஒரு கண்ணோட்டம் இருக்கிறது: மண் வெறுமையாய்க் கிடக்கிறது, வெளியிலிருந்து வந்தவர் நட்டாலன்றி அதில் எதுவும் முளையாது. லங்டன் நல்லெண்ணம் வாய்ந்தவர் என்பதில் எமக்கு ஐயமில்லை. நெல்வரி செலுத்த முடியாத குடியானவரின் வயல்கள் மலைநாட்டில் ஏலம் விடப்பட்ட காலம் அது. அவ்வரி 1892இலேயே நீக்கப்பட்டது. அவர் கண்ட சிங்களக் கிராமத்தின் வறுமை மெய்யானது. ஆயின் அவருடைய சபைமாவட்டம் சிங்கள ஊழியத்தை முதன்மையாகக் கொண்டது. அங்கிலிக்கன் சபையில் தோட்ட ஊழியத்துக்குத் தமிழ்க் கூலி மிஷன் தனியே இருந்தது. ஊழியம் மொழிவழியே பிரிந்தது. மொழிவழிப் பிரிவு வர்க்கங்களை ஒன்றுசேர விடாத பிரிவாகவும் ஆயிற்று.

(ஹப்புத்தளை புனித அந்திரேயா ஆலய வளாகத்தில் வோல்ரர் ஸ்ரான்லி சீனியரின் நினைவுக்கல் உள்ளது. கண்டி திரித்துவக் கல்லூரியின் உப அதிபராயிருந்த இம்மிஷனரிக் கவிஞர் 1938இல் இறந்தார். அவர் எழுதிய புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதையின் தலைப்பும் இலங்கையின் அழைப்பு என்பதே. அழைப்பு இங்கே நிலக்காட்சியாகிவிட்டது. மலை விளிம்பில் நின்று கடலை நோக்குவோர்க்குக் காலடியிலுள்ள லயங்கள் தோன்றுவதில்லை.)

1907ஆம், 1920ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டப் பிள்ளைகளின் கல்வி துரைமாரின் கடமையாக்கப்பட்டது. சட்டம் தாளில் இருந்தது. பள்ளி ஓர் அறைக் கொட்டிலில் இருந்தது. அதன் ஆசிரியர் பெரும்பாலும் தனிமனிதர்; பல இடங்களில் உபதேசியார் மரபில் வந்தவர். இம்மரபின் சிறந்த விளைவு ஒன்றைச் சுட்டலாம். 1934இற் பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் அவ்விளைவு. 1974இல் வெளிவந்த அவரது 'காலங்கள் சாவதில்லை' நாவலும் 1979இல் வெளிவந்த 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதியும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் உள்ளிருந்து நோக்கியவை. 2022இல் அவர் மறையும்வரை மலையக இலக்கிய வரலாற்றுக்கு உழைத்தார். மிஷன் தமிழ் கும்மி வடிவிலே துரையைப் போற்றிய நிலையிலிருந்து, தோட்டத்தை விமர்சிக்கும் யதார்த்தவாத உரைநடைக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு சென்றது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராயும் வாக்கற்றோராயும் ஆக்கின. இலங்கை இந்தியக் காங்கிரசும் இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்தன. கிறிஸ்தவரான செல்வநாயகம் பாராளுமன்றில் எதிர்த்துப் பேசினார். திருச்சபைகள் நிறுவன அளவில் முன்னணிக்கு வந்தன என்று கூறுவதற்கில்லை. இடதுசாரிகளின் கணக்கும் முழுமையாகத் தூய்மையானதன்று. 1964 ஒக்டோபரிற் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்த அரசாங்கத்திற் சமசமாஜக் கட்சி பங்காளியாக இருந்தது. மக்களின் சம்மதம் கேளாது அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்த உடன்படிக்கை அது.

இப்பின்னணியிலேயே 1972இன் நிகழ்ச்சியை நோக்கவேண்டும். அவ்வாண்டு டிசம்பரிற் கண்டியிலிருந்து பிரிக்கப்பட்டுப் பதுளை தனிக் கத்தோலிக்க மறைமாவட்டமாயிற்று. பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களும் அதனுள் அடங்கின. 1959 முதற் கண்டியின் ஆயராயிருந்த சில்வெஸ்திரினோ பெனடிக்ற் சபைத் துறவி லியோ நாணயக்கார, தாமே விரும்பிக் கேட்டுப் புதிய மறைமாவட்டத்தின் முதல் ஆயராகச் சென்றார். ஆயர்கள் சிறிய ஆசனத்திலிருந்து பெரிய ஆசனத்துக்குச் செல்வர், அது வழமை. மலைநாட்டின் தலைநகரை விட்டுக் கத்தோலிக்கர் மிகச் சிலராயும் வறியோராயும் வாழ்ந்த மாகாணத்துக்கு ஒருவர் விரும்பி இறங்குதல் வழமையன்று.

இதனைத் தனிமனித அருட்பண்பாகப் போற்றுவோர் உளர். போற்றுதற்கு நாம் தடையல்லோம். ஆயின் அவ்விறக்கத்துக்கு அக்காலம் எவ்வாறு வழி சமைத்தது என்பதையும் கூறவேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் (1962-65) உலக ஆயர்கள் தம் திருச்சபையை மறுபரிசீலனை செய்தனர். 1968இன் மெடலின் மாநாட்டிலிருந்து இலத்தீன் அமெரிக்க விடுதலை இறையியல் பரவியது. இலங்கையில் 1971 ஏப்பிரலில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. அதன் முதல் தாக்குதல் நிகழ்ந்த வெல்லவாய பொலிஸ் நிலையம் புதிய மறைமாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. கொல்லப்பட்ட ஆயிரக்கணக்கானோர் கிராமத்து வறிய இளைஞர். 1973, 1974ஆம் ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டிலோ தோட்டங்களில் இறப்பு வீதம் திடீரென உயர்ந்தது. சமவெளி சுடப்பட்டது, மலை பட்டினியால் இறந்தது. இரண்டும் ஓர் ஆயரின் கண்ணெதிரே, ஒரே மாகாணத்துள் நிகழ்ந்தன. 1971இல் திஸ்ஸ பாலசூரிய கொழும்பிற் சமூக சமய நடுநிலையத்தைத் தொடங்கினார். 1972இல் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் கண்டியிற் சத்தியோதயத்தை அமைத்து, 1974இற் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகத்தை உருவாக்குவதில் முன்நின்றார். அழைப்பு இப்பொழுது துரையின் வாயிலிருந்து வரவில்லை என்பதே 1854இலிருந்து நிகழ்ந்த மாற்றம்.

நாணயக்காரவின் முக்கியமான முயற்சி பண்டாரவளையில் அமைந்த 'சேவக்க செவன' குருமடமாகும். நகர்ப்புற உறைவிடத்தில் இலத்தீனும் தத்துவமும் பயின்று வெளிவரும் குருவுக்குப் பதிலாக, கிராமத்திலும் தோட்டத்திலும் மக்களோடு வாழ்ந்து பயிலும் ஊழியரை உருவாக்குதல் அதன் நோக்கம். அதன் பொறுப்பாளருள் ஒருவராக வந்தவர் அமலமரித் தியாகிகள் சபைக் குருவான மைக்கல் றொட்றிகோ. உரோமையிலும் பாரிசிலும் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பௌத்தத்தை ஆழக் கற்றவர்.

ஆயினும் அவர்கள் எதிர்கொண்ட மெய்யான சிக்கல் குருமடத்துக்குள் இருந்ததன்று. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, ஜனவசம, உசவசம என்ற நிறுவனங்களின் பொறுப்பில் விடப்பட்டன. முற்போக்காளர் அனைவரும் அதனை வரவேற்றனர். அந்நிய முதலாளி வெளியேறுவதை எவர் எதிர்ப்பர்? ஆயின் காணியற்ற சிங்களக் குடியானவனுக்கு நிலம் என்ற கோரிக்கை நடைமுறையிற் பல இடங்களில் நாடற்ற தமிழ்த் தொழிலாளியின் வெளியேற்றமாக முடிந்தது. ஒரு வறியவனுக்கு நீதி செய்யும்பொழுது மற்றொரு வறியவனின் அடுப்பு அணைந்தது. வர்க்கத்தை மட்டும் பேசிய இடதுசாரிகளும், வறியோரை மட்டும் பேசிய ஊழியரும் இவ்விடத்தில் ஒருங்கே தடுமாறினர். இனம் என்ற மூன்றாவது சொல்லை உச்சரிக்க இரு தரப்பாரும் தயங்கினர். கஸ்பர்சைப் போன்ற சிலர் தோட்டங்களின் பட்டினியையும் வெளியேற்றத்தையும் தொடர்ந்து எழுதியமை இதனால் விதந்துரைக்கப்பட வேண்டியது. 1979இல் இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் தோன்றியபோது அவர் அதன் முன்னணியில் நின்றார்.

1977இன் வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்ற குடும்பங்கள் பல. ஒப்பந்தப்படி இராமேஸ்வரம் சென்று, நீலகிரி மலைகளில் மீண்டும் தேயிலையிலேயே அமர்ந்தவை இன்னும் பல. இவர்களும் புதிய இடங்களுக்குப் புறப்பட்டவர்களே. இவர்களை எவ்வழைப்பு அழைத்தது? அழைப்பு என்பது தங்கியிருக்கவும் உரிமையுள்ளவன் பயன்படுத்தக்கூடிய சொல். கண்டியிலேயே இருந்திருக்கக்கூடிய ஆயர் பதுளைக்குச் சென்றமையாலேயே அது தெரிவாயிற்று. பதுளையில் இருக்கவிடப்படாத தொழிலாளி வவுனியாவுக்குச் சென்றதை அச்சொல்லாற் குறித்தல் கொடுமை. ஊழிய வரலாற்றை எழுதுவோர் தம் நாயகரின் பயணங்களை வரைபடத்திற் குறிக்கும்பொழுது, அதே வரைபடத்தில் இப்பயணங்களையும் குறிக்கவேண்டுமென வலியுறுத்துகின்றோம்.

1980 யூலையில் றொட்றிகோ மலையை விட்டிறங்கிக் கீழ் ஊவாவில் புத்தலவுக்கு அண்மையிலுள்ள அலுகலவிட்ட என்னும் கிராமத்திற் குடியேறினார். ஊர் முழுவதும் பௌத்தர். மதம் மாற்றுவதற்கன்றி அவர்களோடு வாழவும் கற்கவுமே வந்ததாக அவர் கூறினார். 'சுப செத் கெதர' எனப் பெயரிடப்பட்ட எளிய குடிலில் அருட்சகோதரியர் இருவரோடு தங்கி, மூலிகை மருத்துவம், இளைஞர் கல்வி, இயற்கைப் பயிர்ச்செய்கை ஆகியவற்றில் ஈடுபட்டார். பெல்வத்தையிற் பல்தேசியக் கம்பனியின் துணையோடு எழுந்த கரும்புச் செய்கை குடியானவரின் நிலத்தையும் நீரையும் விழுங்கியதை அவர் எழுத்தில் எதிர்த்தார். கோப்பியும் தேயிலையும் மலையிற் செய்ததைக் கரும்பு சமவெளியிற் செய்யத் தொடங்கியது. கலாநிதிப் பட்டம் இரண்டு பெற்ற இக்குரு, பெருந்தோட்டம் ஒரு கிராமத்தை எவ்வாறு உருமாற்றுகிறது என்பதை அதன் தொடக்க நிலையிலேயே கண்டார். ஹொப்சின் காலத்திலோ எந்த மிஷனரியும் அவ்வாறு காணவில்லை.

மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கியமை தமிழ்த் தொழிலாளியைக் கைவிட்டமை ஆகாதா என்ற வினா எழக்கூடும். நியாயமான வினாவே. 1981இலும் 1983 யூலையிலும் இனவன்செயல்கள் மலையகத்தைத் தாக்கின. 1983இல் பதுளை நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 1982 மே மாதத்தில் ஆயர் நாணயக்கார மறைந்துவிட்டார். தொழிலாளரைத் தாக்கக்கூடிய கிராமத்தை மாற்றாமல் லயத்தைக் காக்க இயலாது என்று றொட்றிகோவின் தெரிவுக்கு ஆதரவாக வாதிடலாம். சிங்களப் பௌத்த கிராமத்திற் சிங்களக் கிறிஸ்தவர் ஒருவர் நம்பிக்கை பெறுவதற்கே ஏழாண்டு வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆயின் லயத்துக்கும் கிராமத்துக்கும் இடையே நிரந்தரமான பாலம் எதுவும் அவ்வேழாண்டில் அமையவில்லை. அமைவதற்கு ஓர் இயக்கம் வேண்டும்; ஒரு குடில் போதாது.

1987இன் பிற்பகுதியில் தென்னிலங்கை இரு முனைப் பயங்கரத்துள் அகப்பட்டிருந்தது. ஒருபுறம் ஜனதா விமுக்தி பெரமுனவின் ஆயுதக் கிளர்ச்சி; மறுபுறம் அரச படைகள். வறியோரோடு வாழ்ந்த எவரும் இரு சாராராலும் ஐயுறப்பட்டனர். அலுகலவிட்டவை விட்டு நீங்குவதா, தங்குவதா என்ற வினா குடிலில் இருந்தோர் முன் எழுந்தது. வாழ்நாள் முழுவதும் புதிய இடம் நோக்கிய அழைப்பைப் பற்றிப் பேசிய மரபில் வந்தவர், தங்கியிருத்தலையே இம்முறை தெரிந்தார். நவம்பர் 10ஆம் திகதி மாலை திருப்பலியை முடிக்கும் தறுவாயில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது அறுபது. சுட்டவர் யாரென்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை.

இவ்வரலாற்றை எழுதுவதற்குரிய மூலங்கள் பற்றி ஒரு சொல். மிஷன் அறிக்கைகள் ஆங்கிலத்தில், துரைமார் சந்தாவை நாடி எழுதப்பட்டவை, எச்சரிக்கையோடு படிக்கவேண்டியவை. அவற்றினும் பயனுள்ளவை ஊவாவின் பழைய ஆலயங்களில் உள்ள ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள். பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், தந்தையின் தொழில், தோட்டத்தின் பெயர், நாள் ஆகியவை அவற்றில் ஓர் உபதேசியாரின் கையெழுத்திற் பதிவாகியுள்ளன. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், இடையறாது ஏழாண்டு அல்லது பத்தாண்டு இத்தீவில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்பே பதியப்படாத எத்தனையோ பேரிடம் அரசு கேட்ட கேள்விக்கு விடை இப்பதிவேடுகளின் மங்கிய மையில் இருந்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபொழுது, புதையுண்டோர் எத்தனை பேர் என்பதையே உடனடியாகக் கூற இயலாதிருந்தது. பதிவேடுகளின் தாள்கள் செல்லரித்து வருகின்றன. தமிழ்த்துறை மாணவரும் வரலாற்றுத்துறை மாணவரும் ஒரு விடுமுறைக் காலத்திற் பதுளை, ஹப்புத்தளை, லுணுகலை ஆலயங்களுக்குச் சென்று அவற்றைப் படியெடுத்து வருதல் கூடும். முதலில் தோட்டத்தின் பெயர், அடுத்து உபதேசியாரின் பெயர் என்ற வரிசையில் அட்டவணையிடுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.